வேலியோரத்துப் பெருமருந்துக்கொடி

இளமறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு

கம்பம் பள்ளத்தாக்கு கொடிகளை நம்பி வாழும் பூமி என்றால் அது மிகையாகாது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் பன்னீர்த் திராட்சை, சின்னமனூர்ப் பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலை, மலைமேல் மரங்களைப் பற்றிய மிளகு, இவை போக அவரை, பாகல், புடலை. இவற்றுக்கெல்லாம் நீர் கொண்டுவரும் ஆற்றின் பெயரே ஒரு கொடியின் பெயர்தான்: முல்லையாறு. 2023-ஆம் ஆண்டு கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, என் தாயார் கவாத்து வேலைக்குப் போகும் தோட்டத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். அதில் ஒன்று எனக்கும் வந்தது.

ஆனால் இக்கட்டுரை அந்தக் கொடிகளுள் எதைப் பற்றியதும் அன்று. சந்தைக்குப் போகாத, ஆடுகூட வாய் வைக்காத ஒரு கொடியைப் பற்றியது. அது எங்கள் வீட்டு வேலியில் இருந்தது. அதை வெட்டியவன் நான்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையில் உள்ளது. கொல்லைப்புறத்தில் கிளுவை வேலி. அந்த வேலியில் என் அப்பத்தா ஒரு கொடியை ஏற்றி விட்டிருந்தார். அவர் அதைப் ‘பெருமருந்து’ என்பார். ஈசுவரமூலி என்றும் இதற்குப் பெயருண்டு. தாவரவியலார் இதனை அரிஸ்டோலோக்கியா இண்டிகா என்கின்றனர். “இது இருக்கிற வேலியில பாம்பு அண்டாதுடா” என்பது அப்பத்தாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு நாள் அதே கொடிக்குள் சாரைப்பாம்பின் சட்டை ஒன்று முழுதாகச் சுற்றிக் கிடந்தது. எடுத்துக் காட்டினேன். “பாத்தியா, பயந்து சட்டையைக் கூட விட்டுட்டு ஓடியிருக்கு” என்றார். அவரோடு வாதிட்டு வென்றவர் எங்கள் தெருவில் யாருமில்லை.

அந்தக் கொடியின் பூவைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அடியில் சிறு குடம், அதன்மேல் ஒடுங்கிய குழல், வாயில் கருஞ்சிவப்பு நாக்கு. சிறுவயதில் அதைப் பிய்த்துப் பார்த்து, உள்ளே சின்னஞ்சிறு ஈக்கள் உயிருடன் இருக்கக் கண்டு, இது பூச்சி தின்னும் பூ என்று நண்பர்களிடம் கதை அளந்திருக்கிறேன். உண்மை வேறு என்பதைப் பேருந்தில் உடன்வரும் தாவரவியல் மாணவர் ஒருவர் விளக்கினார். பூ ஈயைத் தின்பதில்லை. சிறை வைக்கிறது, அவ்வளவே. குழலின் உட்புறத்து மயிர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நுழைந்த ஈ திரும்ப முடியாது. முதலில் பூவின் பெண்பாகம் முதிர்ந்து, ஈ வேறொரு பூவிலிருந்து சுமந்துவந்த மகரந்தத்தை ஏற்றுக்கொள்கிறது. பிறகுதான் மகரந்தப்பைகள் வெடிக்கின்றன. அதன்பின் மயிர்கள் வாடிச் சுருங்க, மகரந்தம் பூசிய ஈ விடுதலையாகி அடுத்த பூவில் போய் மறுபடியும் சிறைப்படுகிறது. காயின் அழகு தனி. முற்றியதும் காம்புப் பக்கத்திலிருந்து ஆறாகப் பிளந்து, நம் வீடுகளில் மோர்ச்சட்டி தொங்கவிடும் உறியைப் போலத் தலைகீழாக விரிந்து ஆடும். அதிலிருந்து தட்டையான விதைகள் காற்றில் உதிரும்.

இத்தனை வேலைப்பாடு உள்ள கொடியை ஏன் வெட்டினேன்? பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறை அது. அப்பத்தா காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வேலியை எடுத்துவிட்டு ஹாலோபிளாக் சுவர் எழுப்ப முடிவு செய்தார். கிளுவையை வெட்டும் வேலை எனக்கு வந்தது. அரிவாளை எடுத்தேன். ஒரு முற்பகலில் வேலியும் கொடியும் குவியலாயின. வேரையும் தோண்டி எறிந்தேன். அரைகுறையாக வேலை செய்தால் தந்தையாருக்குப் பிடிக்காது. பாரி தன் தேரையே முல்லைக்குக் கொடுத்தான் என்று பள்ளியில் படித்துத் தேர்வும் எழுதியவன், ஒரு கம்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

சுவர் எழும்பியபின் சில நாட்கள் ஒரு காட்சி கண்டேன். கறுப்பும் சிவப்புமான பட்டாம்பூச்சி ஒன்று வந்து, சுவரோரம் நின்ற பிரண்டையைத் தொட்டது. எழுந்து முருங்கைக் கன்றைத் தொட்டது. பிறகு சிமெண்டுச் சுவரின்மேல் தாழப் பறந்து, மீண்டும் பிரண்டைக்கே வந்தது. விளையாடுகிறது என்று எண்ணிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கல்லூரியில் சேர்ந்து, எங்கள் துறையின் பூச்சிப் பெட்டியை முதன்முதலாகத் திறந்து காட்டியபோதுதான் அந்தப் பட்டாம்பூச்சிக்குப் பெயர் உண்டு என்று அறிந்தேன். கிரிம்சன் ரோஸ்; தமிழில் சிவப்புடல் அழகி. 1758-இல் லின்னேயஸ், டிராய் நகரத்து வீரன் ஹெக்டரின் பெயரை இதற்குச் சூட்டினார். கறுஞ்சிறகு, முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் செம்புள்ளிகள், உடல் குங்குமச் சிவப்பு. “இதன் புழு ஈசுவரமூலிக் குடும்பத்துக் கொடிகளை மட்டுமே தின்னும். வேறு எதைப் போட்டாலும் பட்டினி கிடந்து சாகும்” என்றார் எங்கள் ஆசிரியர். மற்ற மாணவர்கள் குறிப்பெடுத்தனர். எனக்குச் சிமெண்டுச் சுவர் நினைவுக்கு வந்தது.

அது விளையாடவில்லை. முட்டையிடும் தாய்ப்பூச்சி இலைமேல் அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும். சுவை அறியும் உணர்வுறுப்புகள் அதன் கால்களில் உள்ளன. தன் பிள்ளைக்கு உரிய இலைதானா என்று காலால் ருசி பார்த்து, உரியதென்றால்தான் செம்மஞ்சள் நிறத்தில் உருண்டையான முட்டையை ஒட்டும். இல்லையென்றால் எழுந்து வேறிடம் தேடும். எங்கள் கொல்லையில் அது தேடியது என்ன என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பிடிவாதம் எதற்கு? காரணம் நஞ்சு. இக்கொடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் கடும் நச்சுப்பொருள் உண்டு. மற்ற பிராணிகள் ஒதுங்குவது அதனால்தான். சிவப்புடல் அழகியின் மூதாதைகளோ அந்த நஞ்சைத் தாங்கப் பழகியதோடு, அதைத் தம் உடலிலேயே சேமிக்கவும் கற்றுக்கொண்டன. கருஞ்சிவப்பு உடலெங்கும் சதைமுட்கள் நிற்கும் அந்தப் புழு தின்று சேர்த்த நஞ்சு, கூட்டுப்புழுவைக் கடந்து பட்டாம்பூச்சியின் உடலிலும் நிற்கிறது. உடலின் சிவப்பு நிறம் அலங்காரமன்று, எச்சரிக்கைப் பலகை. அதனால்தான் இப்பூச்சி அவசரமின்றிப் பறக்கிறது. சிறுவயதில் நான் கண்ட ஒன்று இப்போது பொருள்படுகிறது. எங்கள் வேலிக் கம்பத்தில் வழக்கமாக அமரும் கரிச்சான் குருவி வெட்டுக்கிளியையும் தட்டானையும் விடாது. ஒரு நாள் அதன் குஞ்சு, பறக்கப் பழகிய புதிதில், இந்தச் சிவப்புப் பூச்சியைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் உதறிவிட்டு, அலகைக் கம்பில் மாறி மாறித் தேய்த்தது. பூச்சி சிறிது நேரம் செத்ததுபோல் கிடந்து, பின் ஒரு சிறகு கிழிந்த நிலையில் பறந்து போயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்வது தவறு. ‘பெருமருந்து’ என்ற பெயரை நம்பி இக்கொடியின் வேரையோ இலையையோ யாரும் உட்கொள்ள வேண்டாம். பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 1993-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். இக்குடும்பத்துச் செடியொன்று அதில் கலந்திருந்ததே காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் வரிசையில் வைத்துள்ளது. அப்பத்தா எனக்கு வயிற்றுவலிக்கு இதன் வேரை உரசிக் கொடுத்ததுண்டு. அதை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

பட்டாம்பூச்சிக்கு வருவோம். கொடி போனபின்னும் எங்கள் வீட்டில் கறுப்பு சிவப்புப் பூச்சி ஒன்று பறந்துகொண்டிருந்தது. மகிழ்ச்சியுடன் ஆசிரியரிடம் சொன்னேன். “உடல் என்ன நிறம் பார்த்தாயா?” என்று கேட்டார். மறுநாள் பார்த்தேன்: உடல் கறுப்பு. அது போலி! எங்கள் கறிவேப்பிலை மரத்தில் வளரும் காமன் மார்மன், அதாவது கறிவேப்பிலை அழகியின் பெண். நஞ்சற்ற இந்த இனத்தின் பெண்களில் ஒரு சாரார் தம் ஆணைப் போலவே இருக்கின்றனர். வேறு சிலர் சிவப்புடல் அழகியின் வேடமும், இன்னும் சிலர் அதன் உறவான ரோஜா அழகியின் வேடமும் புனைகின்றனர். இப்படி வெவ்வேறாகத் தோன்றும் பெண்கள் ஒரே இனம்தான் என்பதை மலாய்த் தீவுகளில் சேகரித்தவற்றைக் கொண்டு 1865-இல் விளக்கி எழுதியவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். இந்த வேடமாற்றத்தை ஆளுவது ‘டபுள்செக்ஸ்’ என்னும் ஒரே மரபணு என்று 2014-இல் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். பூச்சியின் ஆண் பெண் தன்மையைத் தீர்மானிப்பதில் பங்குகொள்ளும் மரபணுவே வேடத்தையும் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு தீராத செய்தி.

சற்று எண்ணிப் பாருங்கள். அசலைக் கடித்துக் கசப்பு உணர்ந்த குருவிதான் போலியை விட்டுவிடும். அசல் இல்லாத ஊரில் வளரும் கரிச்சான் குஞ்சு சிவப்புப் புள்ளிக்கு ஏன் அஞ்சவேண்டும்? எங்கள் கறிவேப்பிலை மரத்துப் பூச்சியின் பாதுகாப்பும் அந்த வேலிக்கொடியில் பாதி இருந்திருக்கிறது. நான் அரிவாளால் வெட்டியபோது இது ஒன்றும் எனக்குத் தெரியாது. தந்தையாருக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் பட்டாம்பூச்சியைப் பாடமாகப் படித்த முதல் ஆள் நான்தான்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று இது. கிளுவை வேலிகள் போய்க் கம்பிவேலியும் சுவரும் வந்துவிட்டன. வரப்புகளில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். யாரும் பட்டாம்பூச்சியை வெறுத்து இதைச் செய்யவில்லை. வேலி என்பது எல்லைக்காக என்று எண்ணினோம். அதில் தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் ஓணானும் குடியிருந்தது கணக்கில் வரவில்லை.

வெளிநாட்டில் இதே சிக்கலை எதிர்கொண்டவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்னும் பெரிய பட்டாம்பூச்சி, காடுகள் அழிந்து அதற்குரிய கொடி அருகியதால் பிரிஸ்பேன் நகர்ப்பகுதியில் காணாமல் போயிற்று. 1990-களில் அறிவியலாளர்கள் பள்ளி மாணவர்களையும் வீட்டுக்காரர்களையும் சேர்த்து அந்தக் கொடியைத் தோட்டந்தோறும் நடச் செய்தார்கள். அங்கே இன்னொரு பாடமும் கிடைத்தது. பூ அழகாயிருக்கிறதென்று தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த அரிஸ்டோலோக்கியா எலிகன்ஸ் என்னும் கொடியிலும் தாய்ப்பூச்சி ஏமாந்து முட்டையிட்டது. அதன் இலையைத் தின்ற புழுக்கள் மாண்டன. ஆகவே கொடி வைத்தால் போதாது, உள்ளூர்க் கொடியையே வைக்கவேண்டும். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலும் இதே குடும்பத்துக் கொடியை வளர்த்து, அதற்குரிய கறுநீலப் பட்டாம்பூச்சியைத் தம் வீட்டுக் கொல்லையிலேயே பெருக்கியிருக்கிறார் அங்குள்ள அறிவியல் கழக ஊழியர் ஒருவர். கொல்லைப்புறம் சிறிய இடமன்று என்று அதைப் படித்தபோது தோன்றிற்று.

நம் மேகமலையில் இதைவிடப் பெரிய உயிர் ஒன்று உண்டு. தென்னிந்தியாவின் மிகப் பெரிய பட்டாம்பூச்சியான சதர்ன் பேர்ட்விங்கும் இந்தக் குடும்பத்துக் கொடிகளை உண்டே வளர்கிறது. இந்தியாவிலேயே பெரியது என்ற பட்டத்தை 2020-இல் இமயமலைப் பொன்னிறப் பேர்ட்விங் தட்டிக்கொண்டு போயிற்று. வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். அது எங்கள் தெருவுக்கு வரும் என்று நான் பேராசை கொள்ளவில்லை.

சென்ற தை மாதம், சுருளிப்பட்டிப் பக்கம் உறவினர் ஒருவரின் பழைய தென்னந்தோப்பு வேலியில் அந்த உறிக்காயைக் கண்டேன். அவரிடம் கேட்டு இருபது விதைகள் கொண்டுவந்து, உடைந்த மண்பானையில் ஊன்றினேன். ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தாயார் அந்தப் பானையில் கீரை போடலாமா என்று இருமுறை கேட்டார். பிறகு நான்கு முளைத்தன. ஒன்றைக் கோழி கிளறிவிட்டது. மிச்சம் மூன்று. அவற்றைச் சுவரோரம் நட்டு, தந்தையாரிடம் ஒரு கம்பி கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, ஆணி அடித்துக் கம்பி கட்டிக் கொடுத்தார். “வெட்டுன அன்னிக்கே சொல்லியிருந்தா ஓரமா விட்டிருக்கலாமே” என்றார்.

இதை எழுதும்போது மூன்று கொடிகளும் முழங்கால் உயரம். இலைகளின் அடியில் நாள்தோறும் பார்க்கிறேன், முட்டை இல்லை.

மூன்று கொடி போதாது. ஒரு புழு வளர நிறைய இலை வேண்டும். பத்துப் புழு வந்தால் கொடி மொட்டையாகிவிடும். ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வேலியிலோ தோப்பிலோ இக்கொடியைக் கண்டால் விலங்கியல் ஆய்வகத்தில் தகவல் சொல்லுங்கள். காடுகளுக்குள் போய்ப் பறிக்க வேண்டாம். காய் பழுப்பேறத் தொடங்கியதும் ஒரு துண்டுத் துணியால் தளரக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உறி விரிந்த அன்றே விதையைக் காற்று கொண்டுபோய்விடும்.