எலிக்கு எந்தத் தோட்டா?

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பண்ணைகளில் முயல், எலி போன்ற சிறு பீடைகளை ஒழிக்கப் பெரும்பாலும் கையில் எடுக்கப்படுவது பாயிண்ட் 22 ரைஃபிள்தான். அதற்கு எந்தத் தோட்டா ஏற்றது என்பது அங்கே தனியொரு கலையாகவே வளர்ந்துள்ளது. திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் அமைந்த ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்திலும் மக்காச்சோளம், காய்கறி, தென்னை ஆகியவற்றைச் சிறு விலங்குகள் அழிக்கவே செய்கின்றன. ஆயினும் இங்கே அந்தக் கேள்விக்கு வேறு விடையே கிடைக்கிறது. தோட்டாவின் இயல்பை அறிந்து, பிறகு வயலின் அமைப்பையும் நாட்டின் சட்டத்தையும் அதனருகே வைத்துப் பார்த்தால், மூன்றும் ஒரே முடிவுக்கு வருவதைக் காணலாம்.

பாயிண்ட் 22 தோட்டா 'ரிம்ஃபயர்' வகையைச் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, வாயில் பொருத்திய ஈயக் குண்டு ஆகியவற்றோடு, மருந்தைப் பற்றவைக்கும் நுண்பொருளும் பொதுவாகத் தோட்டாவில் உண்டு. பெரிய தோட்டாக்களில் அந்தப் பற்றுமருந்து அடிப்பகுதியின் நடுவில் தனிச் சிமிழாக இருக்கும். ரிம்ஃபயரிலோ கூட்டின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்கிறது. நசுங்க வேண்டுமானால் விளிம்பு மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூடு மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இவ்வகைத் தோட்டாக்கள் சிறியவையாகவும் விலை குறைந்தவையாகவும் நிலைத்துவிட்டன. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் வெளியிட்ட 'ஷார்ட்' வகையில் தொடங்கிய இந்தக் குடும்பத்தில், 1887-இல் வந்த 'லாங் ரைஃபிள்' இன்றுவரை உலகெங்கும் பெருமளவில் பயன்படுகிறது. தமிழகத்துக் கல்லூரி மாணவர்கள் தேசிய மாணவர் படையில் குறிபார்த்துச் சுடப் பழகுவதும் பாயிண்ட் 22 ரைஃபிளில்தான்.

இக்குடும்பத்துக்குள் தேர்வு செய்வோர் முதலில் நோக்குவது வேகத்தை. லாங் ரைஃபிளின் வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டாததால், காற்றைப் பிளக்கும் வெடியோசை எழுவதில்லை, அருகிலுள்ள மற்ற விலங்குகளும் எளிதில் மிரள்வதில்லை. வினாடிக்கு 380 மீட்டர் அளவில் பாயும் அதிவேக வகை கூடுதல் தொலைவுக்கு நேராகச் சென்றாலும் பேரோசை எழுப்பும். அடுத்து நோக்கப்படுவது குண்டின் வடிவம். முழு ஈயக் குண்டு சிறு விலங்கின் உடலை ஊடுருவி மறுபுறம் வெளியேறக்கூடும். நுனியில் குழி உள்ள குண்டோ உடலுக்குள் விரிந்து, தன் ஆற்றல் முழுவதையும் அங்கேயே செலவிட்டு, விலங்கை விரைவில் கொல்லும். 2002-இல் வந்த பாயிண்ட் 17 வகையில் 1.1 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 770 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்று, பட்ட இடத்தில் சிதறிவிடுவதால், தெறித்துப் பறக்கும் வாய்ப்பு குறைவு. விலங்கு வலியில் துடிக்காமல் உடனே இறக்க வேண்டும், குண்டு அதைக் கடந்து வேறெதையும் தாக்கக் கூடாது என்னும் இரண்டு நோக்கங்களே இத்தேர்வு முழுவதையும் ஆள்கின்றன.

இரண்டாவது நோக்கம் தோட்டாவால் மட்டும் நிறைவேறுவதில்லை. மிகச் சிறியதாகத் தோன்றும் லாங் ரைஃபிள் குண்டு, குறி தவறி மேல்நோக்கிச் சென்றால் 1 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். கல்லிலோ கட்டாந்தரையிலோ நீர்ப்பரப்பிலோ தாழ்ந்த கோணத்தில் பட்டால் திசைமாறித் தெறிக்கும். எனவே குறிக்குப் பின்னால் குண்டை விழுங்கும் மண்மேடு இல்லாத இடத்தில் சுடுவதில்லை என்பது மேற்சொன்ன நாடுகளின் பண்ணையாளர்களுக்கு முதல் விதி. ரெட்டியார்சத்திரத்தின் நிலங்கள் பல சிறு உடைமைகளாகப் பிரிந்து, கிணற்று மேடு, பந்தல் கல்கால், மோட்டார் அறை, தோட்டத்து வீடு, ஆடு மேய்ப்போரின் தடம் ஆகியவற்றால் நிறைந்தவை. களையெடுக்கவும் காய் பறிக்கவும் ஆட்கள் எந்நேரமும் நடமாடும் இந்தச் சமவெளியில், 1 கிலோமீட்டருக்கு ஆளே இல்லாத திசை ஒன்றைக் காண்பது அரிது.

இந்தியச் சட்டமும் இந்த ஆபத்துக்கு ஏற்பவே அமைந்துள்ளது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் வழங்குவதைப் பற்றிப் பேசும் 13-ஆம் பிரிவில், பயிர்க் காவலுக்கு என வாய்வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. அது போதாது என அதிகாரி கருதினால், குழலின் உட்புறம் வழுவழுப்பான வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்கிறது. பாயிண்ட் 22 ரைஃபிளை அதே பிரிவு, அங்கீகாரம் பெற்ற சுடும் சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சி செய்வதற்கான கருவியாகவே காட்டுகிறது. குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டப்பட்ட ரைஃபிள் குண்டைச் சுழற்றி நெடுந்தொலைவுக்கு அனுப்பும். வழுவழுப்பான குழலிலிருந்து சிதறும் ரவைகளோ சிறிது தொலைவிலேயே வேகம் இழந்துவிடும். குடியிருப்புகள் நெருங்கிய நாட்டில் இந்த வேறுபாடு மனித உயிரைப் பற்றியது.

துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதால் மட்டும் விலங்கைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தன் ஐந்தாம் அட்டவணையில் பீடைகளாக வைத்திருந்தது. 2022-இல் நிறைவேறிய திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. இப்போது ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் பீடையென அறிவிக்கும் அதிகாரம் 62-ஆம் பிரிவின்படி மத்திய அரசிடம் உள்ளது. தானியம் கொத்தும் மயில் முதல் அட்டவணையின் பாதுகாப்பில் இருக்கிறது. முயல் வேட்டையும் தண்டனைக்குரிய குற்றமே. காட்டுப்பன்றிக்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் தனி நெறிமுறை வகுத்தபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம் என்றுதான் வரையறுத்தது. உழவரின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை.

ஈயத்தின் நஞ்சும் கருதத்தக்கது. சுடப்பட்ட விலங்கின் உடலில் தங்கும் ஈயத் துணுக்குகள், அதைத் தின்னும் பருந்து போன்ற பறவைகளைப் பாதிக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வன உயிர்களைச் சுட ஈயக் குண்டைப் பயன்படுத்துவதை முற்றிலும் தடை செய்தது இதனால்தான்.

மயில், முயல், காட்டுப்பன்றி ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது எலி, அதன் வாழ்முறையே துப்பாக்கிக்கு இடம் தருவதில்லை. வயலில் பெருந்தீங்கு செய்யும் கரம்பை எலி வரப்புக்குள் வளை தோண்டி, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு பகலைக் கழித்து, இருளில் வெளியே வரும். தென்னையில் குரும்பையைக் கடிக்கும் எலியோ மரத்தின் கொண்டையிலேயே குடியிருப்பதால், அதைச் சுடுவது வானத்தை நோக்கிச் சுடுவதாகும். ஆகவே இவற்றுக்குரிய கருவிகள் வேறு. மாலையில் எல்லா வளைகளையும் மூடிவிட்டு, மறுநாள் திறந்திருப்பவற்றை மட்டும் உயிர் வளைகளாகக் கொண்டு, அவற்றின் அருகே தஞ்சாவூர்க் கிட்டி எனப்படும் மூங்கில் பொறியை வைக்கலாம். தென்னையின் தண்டில் 2 மீட்டர் உயரத்தில் வழுக்கும் தகடு சுற்றினால், மட்டைகள் அடுத்த மரத்தைத் தொடாத வரை எலி ஏற முடியாது. வரப்பைக் குறுக்கிக் களையின்றி வைப்பது வளைக்கான இடத்தைக் குறைக்கும். வயலில் நடும் 'டி' வடிவக் குச்சிகள் கூகைக்கு இருக்கையாகும்.

நஞ்சு வைப்பதானால் இரண்டு வகைகள் உண்டு. துத்தநாக பாஸ்பைடு ஒரே உணவில் கொல்லும். ஆனால் எலி புதிய உணவை ஐயுறும் என்பதால், முதலில் சில நாள்கள் நஞ்சில்லா இரையை வைத்துப் பழக்கி, பின்னர் 49 பங்கு இரைக்கு 1 பங்கு என்னும் அளவில் கலந்து வைக்க வேண்டும். புரோமோடியலோன் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள்கள் கழித்துக் கொல்வதால் எலிகள் ஐயுறுவதில்லை. ஆயினும் அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகைக்கும் நஞ்சு ஏறக்கூடும் என்பதால், ஈயக் குண்டுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். இறந்த எலிகளைத் திரட்டிப் புதைப்பது இரண்டுக்கும் பொதுவான கடமை.

இவை எதுவும் ஒரே நிலத்தில் மட்டும் செய்தால் பலன் தராது. பக்கத்து வரப்பிலிருந்து எலிகள் சில வாரங்களில் மீண்டும் குடிவந்துவிடும். பயிர் ஏறுமுன், ஒரே வாரத்தில், ஊர் முழுவதும் சேர்ந்து வளைகளைக் கணக்கிட்டுப் பொறி வைப்பதே செலவு குறைந்த முறையாகும். ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேலின் ஒத்துழைப்போடு இயங்கும் காய்கறி மகத்துவ மையம் போன்ற அமைப்புகளும், உழவர் குழுக்களும் இத்தகைய கூட்டு முயற்சியை ஒருங்கிணைக்க ஏற்றவை. எந்தத் தோட்டா என்று கேட்கும் உழவர் முதலில் விடை காண வேண்டிய கேள்விகள், அழிப்பது எந்த விலங்கு, அது எப்போது எங்கே இருக்கிறது, அதைக் கொல்லச் சட்டம் இடம் தருகிறதா, அதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பவையே. அவற்றுக்கு நேர்மையாக விடை கண்டால், இந்தச் சமவெளியில் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் தேவையே எழாது.