நிறம் தந்த குடும்பப் பெயர்கள்

நாள்தோறும் நிறங்களோடு பழகும் நாம், நிறமே குடும்பப் பெயராய் வழங்கும் ஆங்கிலேயரின் வழக்கத்தைச் சிறிது காண்போம்.

'பிரௌன்' என்றால் பழுப்பு. முன்னோர் ஒருவரின் முடி அல்லது மேனி நிறத்தால் எழுந்த பெயர். 'ரீட்', 'ரஸ்ஸல்' என்பன செம்முடியரைச் சுட்டின. 'கிரீன்' என்பதோ பலருக்கு, ஊர்ப் பொதுப் புல்வெளியருகே குடியிருந்ததால் வாய்த்தது. 'பிளாக்' கருமையைக் குறிப்பது. எனினும் பழைய ஆங்கிலத்தில் வெளிறிய நிறத்தைச் சுட்டிய வேறொரு சொல்லிலிருந்தும் அது வந்திருக்கலாம். ஆகவே பெயரைக் கொண்டு நிறத்தை முடிவு செய்தல் பிழையாகும்.

தொழிலால் வந்தவையும் உண்டு. 'டையர்', 'லிஸ்டர்' இரண்டுக்கும் சாயமிடுவோர் என்பதே பொருள். 1867-இல் கிருமிநாசினி கொண்டு அறுவை செய்யும் முறையை வெளியிட்ட மருத்துவ மேதை ஜோசப் லிஸ்டர் தாங்கியதும் சாயக்காரரின் பெயரே. தம் தொழிற்பெயரைச் சொல்லக் கூசும் நம் இளைஞர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.