சங்கிலியில் தொய்வு ஏன் வேண்டும்?

பி2 உரிமம் எடுத்த கையோடு கப்சாய் ஓட்டத் தொடங்கும் மாணவர்கள் பலர், சங்கிலி தொய்ந்திருந்தால் உடனே நன்றாக இறுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். பேரிங் மாற்றிய பிறகே காரணம் புரிந்தது.

முன் பல்சக்கரம் இயந்திரத்தோடு அசையாமல் இருக்கிறது. பின் சக்கரமோ 'ஸ்விங் ஆர்ம்' என்ற கையில் மேலும் கீழும் ஆடுகிறது. அந்தக் கையின் அச்சு முன் பல்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் உள்ளது. இருவர் ஏறி அமர்ந்ததும் முன் பல்சக்கரம், அச்சு, பின் சக்கரம் ஆகிய மூன்றின் மையங்களும் நேர்க்கோட்டை நெருங்குகின்றன. அப்போது பல்சக்கரங்களின் இடைவெளி கூடுகிறது. சங்கிலி ரப்பர் அல்லவே, நீள்வதற்கு! தொய்வு இல்லையென்றால் அந்த இழுவிசை பேரிங்கைத் தேய்க்கும்; சங்கிலி அறுந்து சிக்கினால் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

இயந்திரத்தை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கீழ்ச் சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பல கப்சாய்களுக்கு மொத்த அசைவு ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ. இருக்கலாம், சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். சங்கிலி சீராகத் தேயாது. ஆகவே சக்கரத்தை உருட்டி நான்கைந்து இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தில் அந்த அளவை வையுங்கள். பின்பகுதியின் உயரத்தை மாற்றியவர்களுக்குக் கையேட்டின் அளவு பொருந்தாது, பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.