பாவாடைச் சேற்றைத் துவைத்தது யார்?



ஆறே ஆறு நாவல்களை முடித்துவிட்டு 41 வயதில் கண்மூடியவர் இங்கிலாந்தின் ஜேன் ஆஸ்டின் (1775-1817). அவருடைய கதைகளை வைத்து இன்றும் புதுசு புதுசாக நாவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, தெரியுமா?

அவர் கதையில் ராஜா ராணி கிடையாது. எல்லாம் வீட்டுக்குள் நடக்கிற சமாச்சாரம்தான். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் ஐந்து பெண்கள். ஆண் வாரிசு இல்லாததால், அப்பா காலத்துக்குப் பிறகு வீடும் நிலமும் ஒரு தூரத்து உறவுக்காரருக்குப் போய்விடும். பெற்றவளுக்குத் தூக்கம் வருமா? பொண்ணுங்களைக் கரையேத்தணுமே! அவருடைய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவி 2000-ல் வந்ததுதான் நம்ம 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. வீடு கைவிட்டுப் போய், அம்மாவும் மூணு பொண்ணுங்களும் சென்னைக்கு வந்து நிற்பார்களே, அது நமக்குக் கொஞ்சமாவது அந்நியமாகத் தெரிந்ததா?

இவருடைய தீவிர வாசகர்களுக்கு 'ஜேனைட்' என்றே பெயர். இங்கிலாந்தில் 1940-லும் வட அமெரிக்காவில் 1979-லும் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். பாத் நகரத்தில் வருஷா வருஷம் விழா எடுத்து, அந்தக் காலத்து கவுன், தொப்பியோடு ஊர்வலம் போகிறார்கள். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று இவர்கள் கேட்பதால்தான் இத்தனை நாவல்கள். இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஜேனின் அண்ணன் மகளும் ஒருவர். அத்தை பாதியில் விட்ட கதையை வைத்து கேத்தரின் ஹப்பேக் 1850-ல் ஒரு நாவல் வெளியிட்டார். பி.டி.ஜேம்ஸ் 2011-ல் அதே குடும்பத்தை வைத்துக் கொலைக்கதை எழுதினார். சோனியா கமால் 2019-ல் அந்த ஐந்து பெண்களையும் பாகிஸ்தானில் பிறக்க வைத்தார்!

'அடுத்தவங்க கதையை எடுத்து எழுதறது ஒரு எழுத்தா?' என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வெறும் கல்யாணக் கதையாகவே நீட்டிக்கொண்டு போகிறவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜோ பேக்கரின் 'லாங்போர்ன்' (2013) அப்படியில்லை. மூல நாவலில், உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்க்க எலிசபெத் மூணு மைல் சேற்றில் நடந்து போவாள். பாவாடை ஓரமெல்லாம் சேறு. பணக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள். படிக்கிற நாம் எலிசபெத் பக்கம்தான். ஆனால் அந்தப் பாவாடையைத் துவைத்தது யார்? ஜோ பேக்கர் அதைத்தான் கேட்கிறார். அவருடைய கதாநாயகி அந்த வீட்டு வேலைக்காரி சாரா. விடியும் முன்னே எழுந்து, குளிரில் வெடித்த கையோடு துணி துவைக்கிறவள்.

ஜேன் உயிரோடிருந்தவரை அவர் புத்தகம் எதிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. முதல் நாவலில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும்தான் போட்டார்கள். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' உரிமையை 110 பவுனுக்கு விற்றுவிட்டார்; அதற்கு மேல் வந்த லாபமெல்லாம் பதிப்பாளருக்கு. பெயரில்லாமல் எழுதியவரின் கதையிலிருந்தே, பெயரளவுக்கு மட்டுமே வருகிற ஒரு வேலைக்காரிக்கு இன்னொரு பெண் கதை எழுதியிருக்கிறார். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

நீங்கள் உருகி உருகிப் படித்த தொடர்கதைகளிலும் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்தபடி ஒருத்தி இருந்திருப்பாளே, ஞாபகம் இருக்கா? அவள் கதையை எழுத உங்களில் யாருக்காவது ஆசையுண்டா? எழுதினால் முதல் வாசகி நான்தான்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.