மட்கலமும் வனைந்தவர் பெயரும்

மட்கலம் எளிதில் உடையும், எளிதில் அழியாது. எழுத்தாவணம் எதையும் விட்டுச் செல்லாத மக்களின் வரலாற்றை ஆய்வாளர்கள் பானையோடுகளில் தேடுவது இதனால்தான். திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணல் இதற்கு நமக்கு அண்மையிலுள்ள சான்றாகும். 1985 முதல் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்ட ஓடுகள் கிடைத்தன. இவை பெரும்பாலும் கலத்தை உடையவர்களின் பெயர்கள் என்றே கொள்ளப்படுகின்றன. வனைந்தவர் பெயரை மண் காத்துத் தருவது அரிது.

வனைந்தவரே பிறர் உடைமையாக இருந்தால் அவர் பெயர் எஞ்சுவது அதனினும் அரிது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்டு என்னும் வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் மட்கலத் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. களிமண் தோண்டியோரும், சக்கரம் சுழற்றியோரும், சூளைக்கு விறகு சுமந்தோரும் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள். தோட்டங்களில் இறைச்சியைப் பதப்படுத்தி வைக்க அவர்களின் பெருஞ்சாடிகளே பயன்பட்டன. அவர்களுள் ஒருவர் 1800ஆம் ஆண்டளவில் பிறந்த டேவ். 1859இல் அவர் வனைந்த சாடி ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும்.

அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை அம்மாநிலம் 1834இல் சட்டத்தால் தடுத்தது. டேவின் ஈரடிப் பாக்களுள் மிகப் பழையது அவ்வாண்டினதே. ஈரம் உலராத மண்ணில் அவர் தம் பெயரையும், நாளையும், சில வேளை பாவையும் கீறினார். உறவினர் அனைவரும் எங்கே சென்றனர் என வினவுகிறது 1857ஆம் ஆண்டுப் பா ஒன்று. பல சாடிகளில் எசமானின் பெயரெழுத்துகளும் அருகே உள்ளன. உடைமையாளரின் குறியும் உடைமையாக்கப்பட்டவரின் பெயரும் ஒரே கலத்தில் நிற்பதே அதன் பண்பாட்டுப் பொருள். தம்மை வெறும் பொருளென எண்ணிய சட்டத்திற்கு அவர் தந்த மறுமொழி அது. விடுதலைக்குப்பின் அவர் டேவிட் டிரேக் எனப் பெயர் கொண்டார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 2025இல் இரு சாடிகளின் உரிமை அவர் வழித்தோன்றல்களுக்கே உரியதென ஏற்றது.

நம் மரபிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. நபி (ஸல்) அவர்கள் அன்சாரிப் பெண்மணி ஒருவரிடம், தச்சரான அவருடைய அடிமையைக் கொண்டு மிம்பர் செய்து தருமாறு கேட்டார்கள் என்று புகாரி நூல் கூறுகிறது. அத்தச்சரின் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. ஆயின் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ், இறப்பு 1449) பல பெயர்களை ஆராய்ந்து, மைமூன் என்பதே ஏற்புடையது என்றார்கள். கைவினைஞரின் பெயரைத் தேடுவதும் ஓர் இல்மாகக் கருதப்பட்டது. ஒப்பந்தம் எழுதி விடுதலை பெற விரும்பும் அடிமைக்கு, அவரிடம் நன்மை கண்டால் இசையுமாறு அந்நூர் 33ஆம் வசனம் பணிக்கிறது. அந்நன்மையை நாணயத்தோடு கூடிய சம்பாதிக்கும் ஆற்றல் என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) விளக்கினார்கள். அதன்படி கைத்தொழில் விடுதலைக்கு வாயிலாகிறது. எனினும் முஸ்லிம் அரசுகளின் வரலாறு இதில் மாசற்றதன்று. பஸராவை அடுத்த உவர்நிலங்களில் வதைக்கப்பட்ட ஸன்ஜ் அடிமைகள் 869 முதல் 883 வரை நடத்திய கிளர்ச்சியை நாம் மறைத்தல் நேர்மையாகாது.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையின் சட்ட ஏற்பை நீக்கியது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலாளர் கூலி பெறும் குடிமக்கள். அவர்களை அடிமைகளோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் பனியனின் கழுத்துப் பட்டியில் நிறுவனப் பெயரும் நாட்டின் பெயரும் உண்டு. தைத்தவர் பெயர் இல்லை. நாம் உடுத்தும் துணிக்குப் பின்னுள்ள மனிதரை அறிய முற்படுவதும், அவர் கூலி குறையாதிருக்கக் குரல் கொடுப்பதும், டேவின் சாடியைப் படித்தவர்கள்மீது விழும் கடமைகளாம்.