நாக்கின் பிழையா, செவியின் பழக்கமா?

பூஜ்யத்திற்கான ஆங்கிலச் சொல்லை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? சேலம் வட்டாரத்தில் நம்மில் பெரும்பாலோர் ‘ஜீரோ’ என்போம். சிலர் ‘சீரோ’ என்பர். ஆங்கிலேயர் சொல்வது இவ்விரண்டும் அன்று. அவர் எழுப்பும் ஒலியை இப்பக்கத்தில் அச்சிட்டுக் காட்டத் தமிழில் எழுத்தே இல்லை. ‘ஸ்’ என்று சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு, தேனீ ரீங்காரமிடுவதுபோல் தொண்டையை அதிரவிட்டால் அந்த ஒலி பிறக்கும்.

இந்த ஒரு சொல் ஒரு மாணவரின் வாயை அடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு செய்முறைத் தேர்வு அது. அம்மாபேட்டையிலிருந்து வந்த மாணவர் அவர். தறி நெய்யும் குடும்பம். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழில். ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையைப் பிழையின்றிச் செய்து முடித்திருந்தார். வாய்மொழிக் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் விடை சொல்லத் தொடங்கியபோது, ‘ஜீரோ’ என்ற சொல்லைத் தேர்வாளர் இருமுறை திரும்பச் சொல்லச் செய்தார். அறையில் சிரிப்பு எழுந்தது. நானும் புன்னகைத்தேன். அதன்பின் அம்மாணவர் வாய் திறக்கவில்லை.

அவருடைய நாக்கில் குறை ஏதும் உண்டா? இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்க, அன்று அவர் கையில் இருந்த குழாயே போதும்.

குழாயும் குரலும்

ஒரு முனை மூடிய குழாயின் வாயருகே இசைக்கவையை அதிரவிட்டால், காற்றுத்தம்பத்தின் நீளம் பொருந்தும்போது ஒலி ஓங்கி எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள பாதையும் அத்தகைய குழாயே. வளர்ந்த ஆண்களுக்கு அதன் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். இசைக்கவையின் வேலையைக் குரல் நாண்கள் செய்கின்றன. ஆண்களுக்கு அவை வினாடிக்கு 100 முதல் 150 தடவை வரையிலும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 தடவையும் அதிர்கின்றன.

நீளத்தின் நான்கு மடங்கால் ஒலியின் வேகத்தை வகுத்துப் பாருங்கள். அடிப்படை ஒத்ததிர்வு ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் என்று கிடைக்கும். அடுத்தவை அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் ஆகும். ஆனால் கண்ணாடிக் குழாய்க்கு இல்லாத ஒரு வசதி வாய்க்கு உண்டு; நாக்கையும் உதட்டையும் அசைத்து அதன் வடிவை மாற்றலாம். ‘ஆ’ என்னும்போது முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் ஏறத்தாழ 700, 1100 ஹெர்ட்ஸில் அமைகின்றன. ‘ஈ’ என்னும்போது முதலாவது 300-க்கு அருகில் இறங்க, இரண்டாவது 2000-ஐத் தாண்டி ஏறிவிடுகிறது. ஒரே சுருதியில் பாடினாலும் ‘ஆ’ வேறு, ‘ஈ’ வேறு என நாம் அறிவது இதனால்தான்.

ஆகவே வட்டார உச்சரிப்பு என்பது, ஒருவர் தம் வாய்க்குழாயை எந்த வடிவில் வைக்கப் பழகியிருக்கிறார் என்பதேயாகும். நாக்கு சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஊர் மாறிவிடும்.

ஐம்பது மில்லி விநாடி

வடிவத்தைப் போலவே காலமும் முக்கியம். ஆங்கிலத்தில் குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், ‘பாம்பு’ என்னும் சொல்லின் முதல் பகரத்துக்கும் இறுதிப் பகரத்துக்கும் உள்ள வேறுபாடு போன்ற ஒன்று அவற்றிடையே உண்டு. முதலாவது வல்லோசை, இறுதியிலுள்ளது தொண்டை அதிரும் மெல்லோசை.

பகரத்தைச் சொல்லும்போது இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. ஒன்று, மூடிய உதடுகள் திறப்பது. மற்றொன்று, குரல் நாண்கள் அதிரத் தொடங்குவது. இவற்றிடையே எவ்வளவு காலம் கழிகிறது? லிஸ்கர், ஆப்ரம்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-இல் பதினொரு மொழிகளில் இதை அளந்து வெளியிட்டனர். அவற்றுள் தமிழும் ஒன்று என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆங்கிலக் குண்டூசியின் வல்லோசையில், உதடு திறந்து ஏறத்தாழ 60 மில்லி விநாடி கழித்தே அதிர்வு தொடங்குகிறது. அந்த இடைவெளியில் மூச்சுக்காற்று ‘ஹ்’ என்று வெளியேறுகிறது. குப்பைத்தொட்டியின் மெல்லோசையிலோ உதடு திறந்தவுடனேயே அதிர்வு தொடங்கிவிடும். ஆங்கிலேயரின் செவி ஏறத்தாழ 25 மில்லி விநாடியில் எல்லைக்கோடு போட்டு இரண்டையும் பிரிக்கிறது. நம் வல்லினப் பகரத்தின் இடைவெளியோ பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடிதான். அது கோட்டுக்கு அப்பால், மெல்லோசைப் பக்கம் விழுகிறது! நாம் தெளிவாகக் குண்டூசி கேட்க, அவர் குப்பைத்தொட்டியை எடுத்து வருவது இதனால்தான். இருவரிடையே நிற்பது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, ‘பாம்பு’ என்று இயல்பாகச் சொல்லுங்கள். காகிதம் அசைவது அரிது. இப்போது பகரத்தை அடுத்து ஒரு மூச்சை வெளித்தள்ளிச் சொல்லுங்கள், காகிதம் துள்ளும். சேலத்தில் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. அம்மொழியில் இந்த மூச்சொலியும் சொல்லின் முதலில் வரும் மெல்லோசையும் தனித்தனி ஒலிகள். அவ்வீட்டுக் குழந்தை எளிதில் செய்வதை அடுத்த வீட்டுத் தமிழ்க் குழந்தை பழகித்தான் செய்ய வேண்டும். அறிவில் வேறுபாடு இல்லை. தொட்டிலில் கேட்ட மொழியில்தான் வேறுபாடு.

இஸ்கூலும் இரயிலும்

‘இஸ்கூல்’ என்று சொல்பவரைக் கண்டு நகைப்போர் பலர். ஆனால் ‘இராமன்’, ‘இலங்கை’, ‘உலோகம்’ என்று எழுதும்போது யாரும் நகைப்பதில்லை. இரண்டும் ஒரே செயலே. எந்த ஒலிகள் சொல்லுக்கு முதலில் வரலாம் என்பதற்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு வரையறை உண்டு. தமிழுக்குரியதைத் தொல்காப்பியமே வகுத்துத் தந்துள்ளது. மெய்யெழுத்து தனித்து நின்று சொல்லைத் தொடங்காது. ரகரமும் லகரமும் முதலில் வாரா. எனவே முன்னால் ஓர் உயிரைத் துணைக்கு அழைக்கிறோம். ரயிலை ‘இரயில்’ ஆக்கியதும் அவ்விதியே.

ஸ்பானியரும் பள்ளியை ‘எஸ்க்வெலா’ என்றே அழைக்கின்றனர். ஆங்கிலம் பேசும்போதும் அந்த எகரம் அவர்கள் நாவில் ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானியர் பாலுக்குரிய ‘மில்க்’ என்னும் சொல்லை ‘மிருகு’ என்பதுபோல் சொல்கின்றனர். அவர்கள் மொழியில் லகரமும் ரகரமும் தனித்தனி ஒலிகள் அல்ல.

ஆங்கிலேயர் மட்டும் விதிவிலக்கா? தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆனதையும், திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆனதையும், மிளகுத்தண்ணீர் ‘முல்லிகடானி’ ஆனதையும் எண்ணிப் பாருங்கள். தகரத்தையும் டகரத்தையும் பிரித்தறிய அவர்கள் செவி பழகவில்லை; ழகரமோ அவர்களுக்கு எட்டாத கனி. எழுத்தை மாற்றினால் மட்டும் இது சரியாவதில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

ழகரத்தைப் பற்றி நாமும் பெருமை பேச இயலாது. தென் மாவட்டங்களில் பலர் வாயில் பழம் ‘பளம்’ ஆகிறது. சென்னைப் பேச்சில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆவதும் உண்டு.

எட்டு மாதக் குழந்தையின் செவி

செவி எப்போது இவ்வாறு பழகிப் போகிறது? ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகியோர் கனடாவில் செய்து 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் தகர, டகர ஒலிகளை அவர்கள் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவை இரண்டையும் வேறு வேறு எனக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் மிகச் சிலவற்றுக்கே அது இயன்றது. முதல் பிறந்தநாளுக்குள்ளேயே, தன் வீட்டுக்குத் தேவையான வேறுபாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கவனியாதிருக்கச் செவி கற்றுவிடுகிறது. இது குறைபாடன்று, தாய்மொழியை விரைந்து பிடித்துக்கொள்ள மூளை செய்யும் சிக்கனம்.

ஆனால் கதவு அடியோடு மூடிவிடுவதில்லை. ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கில ரகர, லகரச் சொற்களைப் பலருடைய குரலில் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்து, எது என்று சொல்லச் சொல்லி, விடை சரியா தவறா என்பதையும் உடனே அறிவித்துப் பயிற்சியளித்தனர். 1991-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, சில வாரங்களிலேயே அவர்கள் பிரித்தறிவது மேம்பட்டதைக் காட்டியது. இதைத் தொடர்ந்து வந்த 1997-ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பேச்சுப் பயிற்சி எதுவும் தராதபோதே அவர்கள் உச்சரிப்பும் திருந்தியிருந்தது! செவி முன்னே செல்ல, நாக்கு பின்தொடர்ந்தது.

எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?

ஊர் மணம் வேறு, பொருள் மாறும் பிழை வேறு. ‘கார்’ என்பதன் இறுதி ரகரத்தைத் தென் இங்கிலாந்தில் பெரும்பாலோர் விழுங்கிவிடுவர். ஸ்காத்லாந்தியரும் பெரும்பாலான அமெரிக்கரும் தெளிவாகச் சொல்வர். இதில் யாருக்கும் மதிப்பெண் குறைவதில்லை. நம் உச்சரிப்பின் தமிழ் மணத்துக்கும் குறைய வேண்டியதில்லை. கேட்பவருக்குச் சொல்லே மாறிவிடும் இடங்களை மட்டும் கவனித்தால் போதும்.

முதலாவதாக, சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க வல்லோசைகளுக்கு ஒரு சிறு மூச்சைச் சேருங்கள். காகிதத் துண்டே ஆசிரியர். இரண்டாவதாக, அழுத்தத்தைக் கவனியுங்கள். நாம் ‘ஹோட்டல்’ என்பதன் முதல் அசையை அழுத்துகிறோம். ஆங்கிலேயர் இரண்டாவதை அழுத்துவர். அழுத்தம் இடம் மாறினால் அவர் வேறு சொல்லைத் தேடத் தொடங்கிவிடுவார். மூன்றாவதாக, ஒருவர் குரலை மட்டும் கேட்டுப் பழகாமல், வானொலியிலும் கைப்பேசியிலும் பலருடைய குரல்களைக் கேளுங்கள். நமக்கு ஒரு சாதகமும் உண்டு. கப்பலுக்கும் ஆட்டுக்கும் உரிய ‘ஷிப்’, ‘ஷீப்’ என்னும் சொற்களில் ஸ்பானியர் தடுமாறுவர். குறிலும் நெடிலும் அறிந்த நமக்கு அவற்றைப் பிரித்தறிவது எளிது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் விடை சொல்லி முடிக்கும் வரை உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். முதலில் விடையைக் கேளுங்கள். ஒலியைப் பிறகு தனியே சொல்லிக் கொடுக்கலாம்.

குழாயின் வாய்க்கு வெளியேயும் காற்று சிறிது அதிர்வதால், அளந்த நீளத்துடன் ஆரத்தின் 0.6 மடங்கைக் கூட்ட வேண்டும். இதற்கு முனைத் திருத்தம் என்று பெயர். அன்று அம்மாணவர் பாதியில் நிறுத்திய விடை இதுதான். அது சரியான விடை. அதை நான் அந்த அறையிலேயே, எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்க வேண்டும்.