இலங்கைக்குத் தெற்கே தாழ்ந்திருக்கும் கடல்

கடல்மட்டம் உலகெங்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இலங்கைக்குத் தெற்கே, 30 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், இந்தியப் பெருங்கடலின் மட்டம் உலகச் சராசரியைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. முப்பது மாடிக் கட்டடத்தின் உயரம்!

காரணம், ஈர்ப்பு விசை. நிறை கூடினால் ஈர்ப்பு கூடும், குறைந்தால் குறையும். இந்தக் கடலுக்கு அடியில், பூமியின் உட்பகுதியில் நிறை சற்றுக் குறைவு. அதனால் ஈர்ப்பு மிகுந்த பக்கங்களுக்கு நீர் இழுபட்டுவிடுகிறது. அப்படியானால் கப்பல் சறுக்குமா? சறுக்காது. நீர்ப்பரப்பு அங்கங்கே உள்ள ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே அமைவதால், மாலுமிக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

1948-ல் டச்சு அறிவியலாளர் வெனிங் மெய்னஸ் கப்பலில் ஈர்ப்பை அளந்தபோது இது தெரியவந்தது. ஏன் நிறை குறைந்தது? பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-ல் கணினி மாதிரிகளைக் கொண்டு ஒரு விடை சொன்னார்கள்: ஆழத்திலிருந்து மேலெழும் வெப்பமான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருள். அதைக் கிளப்பிவிட்டது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன தெத்திஸ் கடலின் தரை, பூமிக்குள் அமிழ்ந்ததுதானாம்.